காதில் ஒரு பீங்கான் வில்லை

விருத்தாசலம் பாலக்கரையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில், கோதண்டபாணியின் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. காணாமல் போனதைத் தேடித் தரச் சொல்லித்தான் அங்கே ஆட்கள் படியேறுவார்கள். புருஷன், மொபெட், மாப்பிள்ளைக்கு இருப்பதாகச் சொன்ன சிங்கப்பூர் வேலை என்று பதினாறு வருடங்களில் அவர் தேடாதது இல்லை. ஆனால் காணாமலே போகாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்லி வந்தவள் ஆராயி ஒருத்திதான்.

“அஞ்சு பன்னிங்கய்யா. எண்ணிப் பாத்தா அஞ்சும் இருக்குது. ஆனா நாலாம் நம்பரு இல்லீங்க.”

உதவியாளர் பூர்ணிமா தலையைச் சொறிந்தாள். “அஞ்சு இருக்குது, நாலு இல்ல. அக்கா, நீங்க வழக்குக் குடுக்க வந்தீங்களா, விடுகதை போட வந்தீங்களா?”

பூர்ணிமா இதற்கு முன் கொரியர் வண்டி ஓட்டியவள். இந்த ஊரில் எந்தக் கதவை எத்தனை மணிக்குத் தட்டினால் யார் திறப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். எதைச் சொன்னாலும் ஒரு கிண்டலோடுதான் சொல்வாள். முப்பத்தெட்டு வயதாகிவிட்டது, இனி மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

“எந்தப் பண்ணைம்மா?” என்று கேட்டார் கோதண்டபாணி.

“நம்ம பக்கத்து மங்களூர் போற ரோட்டுல, மக்காச்சோளக் காட்டு நடுவுல இருக்குதுங்களே. நிலவன் டாக்டரோட ஆராய்ச்சிப் பண்ணை. அங்கதான் ரெண்டு வருஷமா பன்னி பாத்துக்கறேன்.”

கோதண்டபாணியின் பேனா நின்றது. பூர்ணிமாவின் வாயும் நின்றது. அது அவ்வளவு சுலபத்தில் நிற்காத ஒன்று.

விஷயம் இதுதான். கோதண்டபாணிக்கு ஐம்பத்து நான்கு வயது, இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடம். திங்கள், புதன், வெள்ளி காலையில் நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிக் கிடந்தால்தான் அடுத்த இரண்டு நாள் நடமாடலாம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு தங்கை இருக்கிறாள். ஒரே ஒரு தடவை அவளிடம் சிறுநீரகம் கேட்டார். அன்றிலிருந்து அவள் போனை எடுப்பதில்லை. அவர் அவளைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முறையாவது அடித்துப் பார்ப்பார்.

இந்த நிலையில்தான் டாக்டர் நிலவன் வந்தார். மனித உடம்பு தள்ளிவிடாதபடி மரபணுவைத் திருத்தி, அதையே நகலெடுத்து வளர்த்த ஐந்து பன்றிகள். குளோனிங். ஐந்துக்கும் ஒரே முகம், ஒரே ரத்தம். இரண்டு வருடமாக ஐந்தும் நோய்நொடியில்லாமல் இருக்கின்றன, ஒரு சாவுகூட இல்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் முதன்முதலாக இரண்டு மனிதர்களுக்குப் பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்திப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. முதல் ஆள் கோதண்டபாணி. இரண்டாவது ஆள், டயாலிசிஸ் அறையில் அவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் ராஜாங்கம். நாளை புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆராயிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

“நாலு செத்துப்போச்சுங்கய்யா. அந்த எடத்துல வேற ஒண்ணக் கொண்டாந்து வுட்டிருக்காங்க.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அது என்னையப் பாக்க மாட்டேங்குது.”

பண்ணையில் வேலை செய்பவர்கள் எல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, ஊசி போட்டு, எழுதிக்கொண்டு போய்விடுகிறவர்கள். ஆராயியோடு பேச அங்கே ஆள் கிடையாது. வீட்டிலும் கிடையாது. திருப்பூருக்குப் போன புருஷன் எட்டு வருடமாகத் திரும்பவில்லை. மத்தியானம் அவள் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தால், நாலாம் நம்பர் மட்டும் எழுந்து வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் அவளை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டு வருடம் அப்படித்தான் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

“ஆடிப் பெருக்குக்கு மூணு நாளு லீவு குடுத்தாங்க. போயிட்டு வந்து பாத்தா, அது செவுத்தப் பாத்துப் படுத்திருக்குது. டப்பாவத் தொறக்கறேன், திரும்பல.”

“லீவுல போனீங்கன்னு கோவமா இருக்கும்,” என்றாள் பூர்ணிமா.

“கோவம்னா ஒரு நாளு இருக்கும், ரெண்டு நாளு இருக்கும். இது மொத மொதல்ல பாக்கறவங்களப் பாக்கற மாதிரி பாக்குதும்மா.”

“சரி, கண்டுபிடிச்சா என்ன செய்யணும்ங்கறீங்க?” என்றார் கோதண்டபாணி.

“ஒண்ணும் செய்ய வேணாங்கய்யா. செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு யாராச்சும் ஒரு ஆளு என்கிட்ட சொல்லணும். அவ்ளோதான்.”

‘ஊரில் வேறு துப்பறிவாளர் யாராவது இருந்தால் அனுப்பிவிடலாமே’ என்று கோதண்டபாணிக்குத் தோன்றியது. விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான்.

“சார், இது ஆகாத வேலை,” என்றாள் பூர்ணிமா அவசரமாக. “டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா அஞ்சுக்கும் ஒரே ரிசல்ட்டு. போட்டோ புடிச்சா ஒரே போட்டோ. ஆள்மாறாட்டம் பண்ண இதவிட வசதியான ஆளு ஒலகத்துலயே கெடையாது.”

“அப்ப பன்னிய வுட்டுடு. பன்னி மாட்டியிருக்கறதப் பாப்போம்.”

“அது என்னா மாட்டியிருக்குது? பொறந்த மேனியாத்தான் திரியுது.”

“காதுல நம்பர் இருக்கும்ல?”

ஆராயி தலையாட்டினாள். ஒவ்வொன்றின் காதிலும் ஒரு பீங்கான் வில்லை, அதில் நீல மையில் எண். பிளாஸ்டிக்காக இருந்தால் ஒன்றன் காதை ஒன்று கடித்து மென்றுவிடும். இரும்பாக இருந்தால் ஸ்கேன் மெஷினுக்கு ஆகாது. அதனால் ஊரிலேயே சொல்லிச் சுடவைத்த வில்லை.

“தெனமும் காதத் தொடைக்கறவ நானுங்கய்யா. பழைய நாலுல மை கசிஞ்சு கீழ ஒரு வாலு மாதிரி இருக்கும். இப்ப இருக்கறதுல அந்த வாலு இல்ல.”

“பழசக் கழட்டிப் புதுச மாட்ட முடியுமா?”

“கழட்ட முடியாது. ஒடைச்சாத்தான் வரும். ஒண்ணோடத இன்னொண்ணுக்கு மாட்டிடக் கூடாதுன்னு வேணும்னே அப்பிடிச் செய்யச் சொன்னாங்களாம்.”

கோதண்டபாணி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “புது வில்லை வானத்துலேர்ந்து விழாது. யாரோ சுட்டுக் குடுத்திருக்கான். வாம்மா பூர்ணிமா.”

*

பீங்கான் தொழிற்பேட்டையில் அந்த வில்லை சுட்ட பழமலைநாதனின் பட்டறையைக் கண்டுபிடிக்கப் பூர்ணிமாவுக்கு ஆறு நிமிடம் ஆனது. அதிலும் நான்கு நிமிடம் ரயில்வே கேட்டில் போனது. உள்ளே நீளமான பலகைகளில் பிள்ளையார் பொம்மைகளும் ஃபியூஸ் கேரியர்களும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பெண்கள் ஈரப் பஞ்சால் பொம்மைகளின் விளிம்பை வழித்துக்கொண்டிருந்தார்கள். மண் வாசனையும் சூளைச் சூடும் சேர்ந்து கோதண்டபாணிக்குத் தொண்டை வறண்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீருக்கு அளவு வைத்திருந்தார்கள். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

“பண்ணைக்கு வில்லை செஞ்சு குடுத்தது நீங்கதானே?”

பழமலைநாதனின் முகம் தொங்கிப்போனது. ஐம்பது வயசு ஆள், கையெல்லாம் வெள்ளை மண். “அத மட்டும் கேக்காதீங்க சார். என் மானம் போன கதை அது.”

“ஏன், என்னாச்சு?”

“ஒடைஞ்சுக்கிட்டே இருக்குது சார்! கரண்டு கம்பத்துல மாட்டற பீங்கான் செய்யறவன் நான். இருவது வருஷம் வெயில்லயும் மழையிலயும் நிக்குது, ஒண்ணும் ஆவல. ஒரு பன்னிக் காதுல நிக்க மாட்டேங்குது. பன்னி முட்டி ஒடைச்சிடுச்சுங்கறாங்க. மண்ண மாத்திப் பாத்தேன், சூட்ட ஏத்திப் பாத்தேன். தூக்கமே போச்சு.”

“சும்மா வாயால சொல்றாங்களா, இல்ல ஒடைஞ்சதக் காட்டறாங்களா?” என்று கேட்டாள் பூர்ணிமா.

பழமலைநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னாம்மா கேள்வி இது? ஒடைஞ்சதக் கண்ணுல காட்டாம எங்க தொழில்ல எவனும் மறு உருப்படி குடுக்க மாட்டான். எங்க வுட்டுச்சுன்னு பாக்கணும்ல? மண்ணுல கோளாறா, சூளையில கோளாறா, மேல் பூச்சுல கோளாறான்னு ஒடைஞ்ச எடம்தான் சொல்லும். மொத தபாவே சொல்லிட்டேன், ஒடைஞ்சதக் கொண்டாந்தாத்தான் புதுசுன்னு. அவங்களும் ஒழுங்காக் கொண்டாந்து குடுத்துடறாங்க.”

கோதண்டபாணியும் பூர்ணிமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வில்லையை மாற்றியவர்கள் எவ்வளவோ யோசித்திருப்பார்கள். ஆனால் உடைந்த துண்டை ஒருவன் பத்திரமாக எடுத்து வைத்திருப்பான் என்பதைப் பீங்கான் தொழிலில் இல்லாதவன் எப்படி யோசிப்பான்?

“அந்த நாலாம் நம்பர் வில்லையப் பாக்கலாமா?”

பழமலைநாதன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து, மேஜைமேல் கவிழ்த்தார்.

ஒரு வில்லை வரும் என்று கோதண்டபாணி காத்திருந்தார். வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் பழமலைநாதன் ஒரு தினசரி காலண்டர் தாளில் மடித்து வைத்திருந்தார். வந்த தேதி நினைவிருக்க வேண்டுமாம், அன்றைக்குக் கிழித்த தாளிலேயே சுற்றி வைப்பது அவர் பழக்கம். பூர்ணிமா எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

“பதினொண்ணு சார்.”

அவற்றில் ஒன்றில்தான் நான்கு என்று எழுதியிருந்தது. மை கசிந்து, கீழே ஒரு வால். மற்ற பத்தும் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. ஒன்றாம் நம்பர் வில்லைகள் மட்டுமே நான்கு இருந்தன.

கோதண்டபாணி ஒரு வில்லையை எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று முழுசாக இருந்தது. அடுத்ததும் அப்படித்தான். எல்லாம் ஒரே இடத்தில், காதுக்குள் நுழையும் காம்பில்தான் போயிருந்தன.

“புது வில்லை ஒண்ணு குடுங்க. பூர்ணிமா, அந்த இரும்புத் தூண்ல பன்னி மாதிரி முட்டு.”

“வேலைக்குச் சேரும்போது இதச் சொல்லலியே சார்!” என்றாலும், வில்லையைக் கையில் பிடித்துத் தூணில் ஓங்கி ஓங்கி அடித்தாள். நான்காவது அடியில் விளிம்பு சில்லு சில்லாகத் தெறித்தது. காம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

“முட்டினா மொதல்ல ஓரம்தான் போகும்,” என்றார் கோதண்டபாணி. “இங்க பதினொண்ணுல ஒண்ணுக்குக்கூட ஓரம் போகல. காம்புல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பல்லுத் தடம் பாருங்க. குறடு வச்சு வெட்டியிருக்காங்க. உயிரோட இருக்கற பன்னி காதுகிட்ட குறட்டக் கொண்டு போனா சும்மா நிக்குமா? இவ்ளோ நேரா வெட்டணும்னா அது அசையாம இருந்திருக்கணும்.”

பழமலைநாதன் குனிந்து உற்றுப் பார்த்தார். அவருக்கு மற்றதெல்லாம் புரிய நேரமாயிற்று. ஒன்று மட்டும் உடனே புரிந்தது. “அப்ப என் சரக்கு மேல தப்பு இல்லியா சார்?”

“இல்லீங்க. உங்க சரக்கு நல்ல சரக்கு.”

அந்த மனிதர் சந்தோஷத்தில் வெள்ளைக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோதண்டபாணி கையிலிருந்த வில்லையை மேஜைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த மண் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு சாவுகூட இல்லை என்ற அந்த வரியைத்தான் எட்டு மாதமாக அவர் தினமும் காலையில் நினைத்துக்கொண்டு எழுந்திருந்தார்.

பூர்ணிமா ஆராயிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, காலண்டர் தாள்களை வரிசையாகப் படித்தாள். “அக்கா, போன வருஷம் மாசி மகத்துக்கு மறுநாளு?”

“தேருக்குப் போயிட்டு வான்னு லீவு குடுத்தாங்கம்மா.”

“வைகாசி பன்னெண்டு?”

“எங்க தங்கச்சி மவ கல்யாணம். நான் ஒரு நாளுதான் கேட்டேன், டாக்டரு மூணு நாளு குடுத்தாரு. எவ்ளோ நல்ல மனுசன்னு...”

அவள் பேச்சு அங்கேயே நின்றது. பூர்ணிமா இன்னும் இரண்டு தேதிகளைப் படித்தாள். பதிலாக ‘ம்’ மட்டும் வந்தது. பண்ணைக்குப் பின்னால் தனக்குப் போக அனுமதியில்லாத ஒரு கொட்டகை உண்டு, அதிலிருந்தும் பன்றிச் சத்தம் கேட்கும் என்று அவளே சொன்னாள். மாற்று ஆட்கள் எங்கே காத்திருந்தார்கள் என்பதும் தெரிந்துபோனது.

“எத்தனைங்கய்யா?” என்று கடைசியில் கேட்டாள்.

“பதினொண்ணும்மா. உங்க நாலாம் நம்பர் செத்துப்போச்சு. ஆடிப் பெருக்கு லீவுல.”

“பதினொண்ணு,” என்று ஆராயி போனில் திரும்பச் சொன்னாள்.

“மத்ததெல்லாம் மாறினது எனக்குத் தெரியவே இல்லியேய்யா. நான் இத்தன நாளா யாருக்குச் சோறு வச்சுக்கிட்டு இருந்தேன்?”

கோதண்டபாணி போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“அந்த நாலாம் நம்பரு வில்லைய மட்டும் எனக்குத் தருவீங்களா?”

“அது சாட்சிம்மா. இப்பத் தர முடியாது.”

“சரிங்கய்யா,” என்று போனை வைத்துவிட்டாள்.

*

மணிமுத்தாற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில், பூர்ணிமா வழக்கம்போல அவர் கிளாஸிலிருந்து பாதி டீயைத் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டாள். டாக்டர் சொன்ன அளவை அவள்தான் காவல் காத்தாள். டப்பா இருவருக்கும் நடுவே பெஞ்சில் இருந்தது.

“சார், இந்த டப்பாவ மூடிடுங்க.”

“மூடித்தான் இருக்குது.”

“நான் வெளையாடல. நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுங்க. பதினோரு மணிக்கு வேணா துப்பறிஞ்சுக்கலாம். ஆராயி அக்கா கேட்டது ஒண்ணுதான், செத்துச்சா இல்லியான்னு. சொல்லியாச்சு. கேஸு முடிஞ்சுபோச்சு.”

“பதினொண்ணு செத்திருக்குது பூர்ணிமா.”

“பன்னி சார்! ஊருல தெனமும் வெட்டித் திங்கறாங்க. நீங்க ஒரு ஆளுதான இருக்கீங்க? உங்களுக்கு நகலு எவனாவது எடுத்து வச்சிருக்கானா?” அவள் குரல் உடைந்தது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கோதண்டபாணி பாதி டீயைக் குடித்து முடித்தார். நாக்கு நனைந்ததோடு சரி. “எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு கையெழுத்துப் போட்டா அது என் பாடு. ராஜாங்கம் அண்ணன் ஒண்ணும் தெரியாம போடப் போறாரு. அவருக்கு அப்புறம் இன்னும் எத்தனையோ பேரு.”

பூர்ணிமா டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கோதண்டபாணி வீட்டில் தனியாக உட்கார்ந்து, அனுமதி கொடுத்த குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதுவதற்கு முன் தங்கைக்குப் போன் போட்டார். செவ்வாய்க்கிழமையன்று அவர் போடுவதே கிடையாது. எடுத்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று அவருக்கே நிச்சயமில்லை. சிறுநீரகம் கேட்டிருக்க மாட்டார். கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். மணி அடித்து ஓய்ந்தது. இந்த வீட்டில் அவர் எதை முடிவு செய்தாலும் அதைக் குறுக்கே நின்று தடுக்க ஒருவர்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குச் சுள்ளென்று உறைத்தது.

*

புதன்கிழமை, பத்து மணி. டயாலிசிஸ் மையத்தின் சின்ன அறையில் டாக்டர் நிலவன் படிவத்தை விரித்து, அதன்மேல் பேனாவை வைத்தார். நாற்பத்தைந்து வயது, மெல்லிய குரல், கசங்கிய சட்டை. வில்லனுக்கு உண்டான லட்சணம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

கோதண்டபாணி போனில் ஒரு படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மேஜைமேல் பரப்பிய பதினோரு வில்லைகள்.

நிலவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மறைக்கணும்னு ஆரம்பிக்கல சார். மொதல்ல செத்தது நுரையீரல் கோளாறுல. நகலாப் பொறக்கறதுல சிலது அப்படித்தான். கிட்னிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா எழுதினா எல்லாம் நின்னுடும். பின்னாடி கொட்டகையில அதே வயசுல, அதே மரபணுவுல இன்னொண்ணு இருந்துச்சு. அறிவியல்படி பாத்தா அந்த நம்பர் சாகவே இல்ல.”

“இத ஆராயிகிட்ட சொல்லிப் பாருங்களேன்.”

“பதினொண்ணுல ஏழு கிட்னியால சாகல சார்.”

“மீதி நாலு?”

நிலவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்,” என்றார். “இவ்ளோ தெரிஞ்சும் நீங்க போடலாம். மெஷின்ல இன்னும் எத்தன வருஷம் ஓடும்னு உங்களுக்கே தெரியும். இதுல ஒரு வாய்ப்பு இருக்குது. நான் உங்க எடத்துல இருந்தா போடுவேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. கோதண்டபாணிக்கும் போட ஆசையாகத்தான் இருந்தது. வாழ ஆசை என்பதை வேறு எப்படிச் சொல்வது? போன் கையிலேயே இருந்தது. டப்பாவோடு ஒன்பது மணி சென்னை பஸ்ஸில் ஏறிய பூர்ணிமா இந்நேரம் உளுந்தூர்பேட்டையைத்தான் தாண்டியிருப்பாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சந்தோஷமாகத் திரும்பி வந்துவிடுவாள்.

“நான் போட்டா, இந்த வில்லையெல்லாம்?”

“அது நமக்குள்ள இருக்கட்டும்.”

“ராஜாங்கம் அண்ணனுக்கு?”

“அவருக்கு எதுக்கு சார் வீணா பயம் காட்டணும்?”

கோதண்டபாணி பேனாவை எடுத்து நிலவனின் சட்டைப் பையில் செருகினார். “டப்பா சென்னைக்குப் போய்க்கிட்டு இருக்குது டாக்டர். உங்களுக்கு அனுமதி குடுத்த குழுகிட்ட. தேதி போட்ட தாளும் சேத்துத்தான்.”

நிலவன் படிவத்தை மடித்துக்கொண்டார். கோபப்படவில்லை. “மறுபடி ஆரம்பிக்கப் பத்து வருஷம் ஆகும். உங்களுக்குப் பத்து வருஷம் கெடையாது.”

“தெரியும்.”

“கையெழுத்துப் போட மாட்டீங்கன்னா இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?”

“புதன்கிழமையாச்சே. டயாலிசிஸ்.”

*

உள்ளே ராஜாங்கம் ஏற்கெனவே மெஷினோடு இணைந்து படுத்திருந்தார். அறுபது வயது, லாரி ஓட்டிய கை. இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், கோதண்டபாணி உலகத்தில் அதிகம் பேசியது இந்த மனிதரோடுதான்.

“என்னா கோதண்டம், போட்டாச்சா? அடுத்தது நானு. ஆபரேசன் முடிஞ்ச மறுநாளு ஒரு சொம்புத் தண்ணிய அப்பிடியே அண்ணாந்து குடிக்கப் போறேன், நீ பாரு.”

நர்ஸ் கோதண்டபாணியின் கையில் ஊசியைக் குத்தி டேப்பை ஒட்டிவிட்டுப் போனாள். அவர் சொல்லத் தொடங்கினார். ஆராயியிலிருந்து ஆரம்பித்து, வில்லை, டப்பா, பதினொன்று, சென்னை பஸ் என்று எதையும் விடாமல் சொன்னார். சொல்லும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு ராஜாங்கம் சொன்னார்.

“அப்ப நமக்கு இல்ல.”

“இல்லண்ணே.”

“உனக்கு மட்டும் வேணாம்னு சொல்லிட்டு வந்திருந்தா, எனக்கு நடந்திருக்குமா?”

“நடந்திருக்கும். ஆனா உங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. அதான்...”

“எனக்குத் தெரியணுமான்னு என்னையக் கேட்டியா கோதண்டம்?”

கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். ராஜாங்கத்தின் கண்ணில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

“அந்த டாக்டரு என்னையக் கேக்காம மறைச்சான். நீ என்னையக் கேக்காம ஒடைச்சிட்ட. நேத்தே தெரியும்ல உனக்கு? ஒரு போன் போட்டு, அண்ணே, சாவு இருக்குது, இருந்தாலும் துணிஞ்சு போவமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னா?”

நேற்றுச் சாயங்காலம் கோதண்டபாணி போன் போட்டது தங்கைக்கு. எடுக்கவே மாட்டாள் என்று தெரிந்தும் அவளுக்குத்தான் போட்டார். முதல் மணியிலேயே எடுக்கக்கூடிய ஒரு மனிதர் இருந்தார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

“அண்ணே...”

“நர்ஸம்மா,” என்று ராஜாங்கம் கூப்பிட்டார். “இந்த நடுத் தெரையக் கொஞ்சம் இழுத்து வுட்டுடும்மா. வெளிச்சம் கண்ணுல அடிக்குது.”

ஜன்னல் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. நர்ஸ் ஒன்றும் கேட்காமல் பச்சைத் திரையை இழுத்துவிட்டாள். வளையங்கள் கம்பியில் உரசிக்கொண்டு கடைசிவரை போய் நின்றன. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோதண்டபாணி இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் படுக்கை லேசாகக் கிறீச்சிட்டது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.